தனியாத்தான் பாத்தேன்

உள்ள வாங்க அங்கிள். செருப்பு வாசல்லயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. ஃபேனுக்கு நேரா உக்காருங்க. அறந்தாங்கியிலேருந்து முதல் பஸ்ஸா? முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவருக்கு முதல் பஸ்ஸெல்லாம் ஒரு விஷயமான்னு இப்பதான் அம்மாகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். அம்மா, காபி! தாரணியோட அப்பா வந்துட்டார்.

நேத்து உங்க போன் வந்தப்ப, அம்மாவுக்குக் கேக்காம இருக்க வாசலுக்கு வந்துட்டேன். "இங்கிலாந்துல என் பொண்ணு தாரணியப் போய்ப் பாத்த வின்சி நீதானாம்மா"ன்னு கேட்டீங்களே, அப்ப. திருச்சியில யார் யாரையோ விசாரிச்சு என் நம்பரைப் புடிச்சிருக்கீங்க. லீவுக்கு வந்த இடத்துல, பொன்மலைப்பட்டியில உக்காந்துக்கிட்டு அந்தப் பேரைக் கேப்பேன்னு நான் நினைக்கவே இல்ல.

அந்த லெட்டரைக் குடுங்க, பாப்போம். ஆமா, அந்த ஊர் முனிசிபாலிட்டி, கவுன்சில்னு சொல்வாங்க, அங்கேருந்து வந்த பதில்தான். அவங்க பாஷை இப்படித்தான் இருக்கும், இஸ்திரி போட்ட மாதிரி. தமிழ் பேசும் பணியாளர் ஒருவர் உங்கள் மகளை வீட்டிலேயே சந்தித்தார், தனியாகச் சந்தித்தார், கவலைப்பட எதுவும் தென்படவில்லை. மத்த விவரம் சொல்ல முடியாதுன்னும் போட்டிருக்காங்க. அந்தப் பணியாளர் நான்தான் அங்கிள். படிக்கப் போன பிள்ளை, ஆனா ஃபைல்ல பணியாளர்னுதான் வரும்.

நீங்க என்கிட்ட கேக்கறது எனக்குப் புரியுது. "நான் அவளைத் தனியாப் பாக்கல"ன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். அதை வச்சு அவங்க மறுபடி ஆள் அனுப்புவாங்க. அதானே? முதல்ல நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு, வின்சி மேல தப்புன்னு உங்களுக்கே தோணுச்சுன்னா சொல்லுங்க. எல்லாரும் என்னையே கேள்வி கேக்கறாங்களே தவிர, நான் அங்க என்ன பாடு பட்டேன்னு ஒருத்தரும் கேக்கல.

எங்க படிப்பு பாதி கிளாஸ்ல, பாதி ஆபீஸ்ல. சோசியல் ஒர்க் இல்லையா, புத்தகத்துல மட்டும் படிச்சா வராது. நூறு நாள் ஒரு கவுன்சில் ஆபீஸ்ல வேலை பழகணும். எனக்குக் கிடைச்சது குழந்தைங்க பிரிவு. இங்கிலாந்துக்கு வடக்க, கடலோரம் ஒரு ஊர். ஜனவரியில நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும். அந்த நூறு நாள்ல ஃபெயில்னு எழுதிட்டாங்கன்னா படிப்பு போச்சு. படிப்பு போனா விசா போச்சு. இதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

எனக்கு வேலை பழக்கினவங்க பேரு டெனிஸ். அம்பத்தஞ்சு வயசு இருக்கும். பேர் சொல்லித்தான் கூப்பிடணும், மேடம்னா சிரிப்பாங்க. நல்லவங்கதான், ஆனா கண்ணு நம்மள விட்டு நகராது. அம்பதாவது நாள் எனக்கு ஒரு ரிப்போர்ட் எழுதினாங்க. "வின்சி மிகவும் பணிவானவர். பெரியவர்கள் முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்கத் தயங்குகிறார்." நம்ம ஊரா இருந்தா வரன் விளம்பரத்துல போடலாம் அங்கிள். அங்க அது ஃபெயில் மார்க். அடுத்த அம்பது நாள்ல இதை மாத்திக் காட்டலைன்னா கஷ்டம்னு நேராவே சொல்லிட்டாங்க. அன்னிக்கு ரூமுக்குப் போய் தலகாணியக் கடிச்சுக்கிட்டு அழுதேன்.

அந்த வாரம்தான் தாரணியோட பேப்பர் வந்துச்சு.

குழந்தை இருக்கற வீடுகளுக்குப் போய்ப் பாக்க ஒரு நர்ஸ் உண்டு. அந்த நர்ஸ் எழுதியிருந்தாங்க. பாப்பாவுக்கு எடை பாக்க வரச் சொன்னா வர்றதில்ல. வீட்டுக்குப் போனா அந்த அம்மா வாயத் திறக்கறதில்ல, கேக்கற கேள்விக்கெல்லாம் வீட்டுக்காரரே பதில் சொல்றார். எனக்கு மனசுக்குச் சரியாப் படலைன்னு கடைசியில ஒரு வரி. ஆபீஸ்ல அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அவங்க தமிழ், நீயும் தமிழ். வேற என்ன வேணும்?

டெனிஸ்தான் கார்ல கொண்டுபோய் தெரு முனையில இறக்கி விட்டாங்க. இறங்கறதுக்கு முன்னாடி மூணு தடவை சொன்னாங்க. "பத்து நிமிஷம் போதும் வின்சி. அவளும் நீயும் மட்டும். வீட்டுக்காரர் இருக்கக் கூடாது, மாமியார் இருக்கக் கூடாது, கதவுக்குப் பின்னாடியும் யாரும் நிக்கக் கூடாது. முடியலைன்னா முடியலைன்னு எழுது. அடுத்த தடவை நான் வர்றேன்." சொல்றது சுலபம். முடியலைன்னு நான் எழுதினா என்ன அர்த்தம்? பாத்தீங்களா, மறுபடி தயங்கிட்டான்னு அர்த்தம்.

பெல் அடிச்சேன். உங்க மாப்பிள்ளைதான் திறந்தார். செழியன் அண்ணா. நான் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன், அவர் என் கழுத்துல தொங்கின கார்டுல பேரைப் பாத்துட்டுத் தமிழ்லயே கேட்டார்.

"எந்த ஊரும்மா?"

"திருச்சி சார்."

"அட! நான் அங்கதான் இன்ஜினியரிங் படிச்சேன். சார் எல்லாம் வேண்டாம், அண்ணான்னு கூப்பிடு. அம்மா, நம்ம ஊர்ப் பொண்ணும்மா!"

உள்ளேருந்து அவங்க அம்மா வந்தாங்க. என் முகத்தைப் பாத்தாங்க, கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "சாப்பிட்டியாடி கண்ணு?"ன்னாங்க. ஒண்ணரை வருஷத்துல அந்தக் கேள்விய யாரும் என்னைக் கேட்டதில்ல அங்கிள். பாத்ரூம் சுவரெல்லாம் பூஞ்சை புடிச்ச ரூம்ல பிரெட்டும் நூடுல்ஸும் தின்னுக்கிட்டுக் கிடந்தேன். அப்படியே கண்ணு கலங்கிருச்சு. போற வீட்டுல சாப்பிடக் கூடாதுன்னு ரூல் இருக்கு. டீ குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. அந்த ரூல் போட்டவங்களுக்கு வத்தக்குழம்பு வாசனை தெரியாது.

ஆமா, சாப்பிட்டேன். வத்தக்குழம்பும் முட்டைக்கோஸ் பொரியலும். உங்க பொண்ணு வச்சதுதான். கைப்பக்குவம் அருமை அங்கிள், அவ அம்மாகிட்ட கத்துக்கிட்டதா? அவதான் பரிமாறினா. நாங்க மூணு பேரும் உக்காந்து சாப்பிட்டோம், அவ நின்னுக்கிட்டே இருந்தா. நீயும் உக்காரேன்னு நான் சொன்னேன். "அவ அப்புறமா சாப்பிடுவா, பழக்கம்"னு அத்தை, அதான் அண்ணாவோட அம்மா, சொல்லிட்டாங்க. நம்ம வீடுகள்ல நடக்கறதுதானே. இதைப் போய் டெனிஸ்கிட்ட சொன்னா உடனே ஒரு பேப்பர் எடுப்பாங்க.

போட்டோ கொண்டு வந்திருக்கீங்களா? குடுங்க. இது கல்யாணத்தப்ப எடுத்ததா? இல்ல அங்கிள், நான் பாத்தப்ப இப்படி இல்ல. இதுல பாதி இருப்பா. பிள்ளை பெத்தா சிலருக்கு உடம்பு போடும், சிலருக்கு இளைச்சிரும். எங்க அக்காவும் அப்படித்தான் ஆனா.

சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து நான் கேட்டேன். கேக்காம இல்ல. இது ரொம்ப முக்கியம், இதைக் குறிச்சுக்கங்க. "அண்ணா, தாரணிகிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்"னு வாயத் திறந்து கேட்டேன்.

அவர் சிரிச்சார். "தாராளமாப் பேசும்மா. நம்ம வீட்டுல தனியா என்ன, கூட்டமா என்ன?" சொல்லிட்டு சோபாவுல நல்லாச் சாஞ்சு உக்காந்தார். நான் திரும்பவும், "இல்லண்ணா, ரூல் அப்படி"ன்னேன். அத்தை முகம் வாடிப் போச்சு. "எங்களைச் சந்தேகப்படறாங்களா செழியா? சோறு போட்ட வீட்டுலயா?"ன்னு முந்தானைய எடுத்துக் கண்ணத் துடைக்க ஆரம்பிச்சாங்க. அண்ணா என்னைப் பாத்தார். கோபமே இல்ல, சாதாரணமாத்தான் கேட்டார். "தங்கச்சி, உங்க வீட்டுல உங்க அப்பா அம்மாவ, நேத்து வந்த ஒருத்தி வெளிய போய் நில்லுங்கன்னு சொன்னா நீ ஒத்துக்குவியா?"

நீங்களே சொல்லுங்க அங்கிள். ஒத்துக்குவீங்களா? வெளிய மைனஸ் ரெண்டு டிகிரி. அறுபது தாண்டின அம்மாவ நான் எப்படி எந்திரிச்சுப் போகச் சொல்லுவேன்? வெள்ளைக்காரப் பொண்ணா இருந்தா சொல்லியிருப்பா. எனக்கு வாய் வரல.

அதனால ஒரு வழி பண்ணினேன். என் சமயோசிதம்தான். "நான் பாத்திரம் கழுவ உதவி பண்றேன்"னு தாரணியக் கூட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். அங்க நாங்க ரெண்டு பேர் மட்டும்தான். வேற யாரும் இல்ல. அந்த வீட்டுல ஹாலும் அடுப்படியும் ஒண்ணா இருக்கும், நடுவுல கதவு கிடையாது. அது வீடு கட்டினவன் தப்பு. சோபாவுக்கும் எங்களுக்கும் ஆறு எட்டு வைக்கற தூரம் இருக்கும். ஹால்ல மூலையில ஒரு சின்ன கேமரா, பாப்பாவப் பாத்துக்கறதுக்காக வச்சது. அது எங்க பக்கமாத் திரும்பி இருந்துச்சு, ஆனா பாப்பா எங்க வேணா தவழும் இல்லையா.

தாரணி தண்ணிக் குழாயத் திறந்தா. முழுசாத் திறந்துட்டா. சோன்னு சத்தம், பாத்திரமெல்லாம் தெறிக்குது. என் பக்கத்துல வந்து, தோள் இடிக்கிற மாதிரி நின்னு, ஏதோ ஆரம்பிச்சா. "அக்கா"ன்னு மட்டும் காதுல விழுந்துச்சு. மிச்சம் தண்ணிச் சத்தத்துல கேக்கல. நான் குழாய மூடிட்டேன்.

எங்க தெருவுல லாரித் தண்ணி அங்கிள். குடத்துக்குச் சண்டை போட்டு வளர்ந்த பிள்ளை நான். தண்ணி சும்மா ஓடினா என் கை தானாப் போய் மூடும். அவ மறுபடி திறந்தா. நான் மறுபடி மூடினேன். "வேஸ்ட்டாப் போகுது பாரு, இப்ப சொல்லு"ன்னேன். அவ என்னையே பாத்தா. அப்புறம் ஸ்பாஞ்ச எடுத்துத் தட்டைத் தேய்க்க ஆரம்பிச்சுட்டா.

"எப்படி இருக்க தாரணி?"ன்னு கேட்டேன்.

"நல்லா இருக்கேன்."

"ஏதாவது கஷ்டம் இருக்கா?"

"இல்ல."

"வீட்டுல எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்களா?"

அதுக்கு சோபாவுலேருந்து அண்ணா, "உள்ளதைச் சொல்லு தாரணி, தங்கச்சிகிட்ட என்ன கூச்சம்?"னு சிரிச்சுக்கிட்டே குரல் குடுத்தார். அவ, "நல்லாப் பாத்துக்கறாங்க"ன்னா. மூணு கேள்வி, மூணு பதில். நான் கேட்டேன், அவ சொன்னா. இதுல எது பொய்?

கிளம்பும்போது வாசல்ல ஷூ மாட்டிக்கிட்டு நிமிர்ந்தேன். சுவர்ல கோட்டு மாட்டற கொக்கி. அண்ணாவோட கறுப்புக் கோட்டு ஒண்ணு, அத்தையோடது ஒண்ணு, பாப்பாவோட சின்னது ஒண்ணு. தாரணிக்கு இல்ல. அந்தக் குளிர்ல கோட்டு இல்லாம வாசல்படி தாண்ட முடியாது அங்கிள். அதை நான் கவனிச்சேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண்ணு கூர்மை. என் நோட்டுல குறிச்சும் வச்சேன். ஃபைல்ல எழுதல. பிள்ளை பெத்த உடம்பு, வெளிய போறதில்ல போலன்னு நானே பதில் கண்டுபிடிச்சுட்டேன். பதில் கிடைச்ச கேள்விய எதுக்கு எழுதணும்?

ஆபீஸ்ல வந்து கம்ப்யூட்டர்ல ஃபாரத்தைத் திறந்தேன். மூணாவது கேள்வி. "தாயைத் தனியாகச் சந்தித்தீர்களா?" ஆமாம்னு ஒரு கட்டம், இல்லைன்னு ஒரு கட்டம். நடுவுல கட்டம் கிடையாது. அடுப்படி, கதவு இல்ல, ஆறு எட்டுன்னு எழுத இடமே கிடையாது. இல்லைன்னு டிக் பண்ணினா டெனிஸ் வருவாங்க. வந்து அத்தைய வெளிய அனுப்புவாங்க. நம்ம குடும்பம் வெள்ளைக்காரங்க முன்னாடி அசிங்கப்படும். அது மட்டும் இல்ல, மறைப்பானேன், என் ரிப்போர்ட்டும் நினைவுக்கு வந்துச்சு. ஆமாம்ங்கற கட்டத்துல டிக் பண்ணினேன். கீழ, "தமிழில் உரையாடினேன். மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்"னு எழுதினேன்.

டெனிஸ் படிச்சாங்க. "தனியாப் பாத்தியா? நிச்சயமா?"ன்னு கேட்டாங்க. "ஆமா"ன்னேன். எந்திரிச்சு வந்து என் தோளைத் தட்டினாங்க அங்கிள். "அந்த நர்ஸால நாலு மாசமா முடியாததை நீ ஒரே நாள்ல பண்ணிட்ட"ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. அன்னிக்கு சாயங்காலம் கடற்கரையில தனியா நடந்தேன். அந்த ஊருக்குப் போனப்புறம் நான் சந்தோஷமா இருந்த ஒரே நாள் அதுதான்.

அப்புறம் ஒரு தடவையும் போனேன், பிப்ரவரியில. நான் பொறுப்பில்லாதவ இல்ல. அண்ணா கதவைப் பாதி திறந்து நின்னார். "தூங்கறாம்மா, ராத்திரியெல்லாம் பாப்பா படுத்தி எடுத்துருச்சு"ன்னார். மாடியில நடக்கற சத்தம் கேட்டுச்சு. மரத் தரை, ஒவ்வொரு எட்டும் கேக்கும். நடந்து வந்துச்சு, படிக்கட்டு முனையில வந்து நின்னுச்சு. அண்ணாவும் கேட்டார். நிமிர்ந்து பாத்து, "தாரணி, வின்சி வந்திருக்கா. ஏதாவது சொல்லணுமா?"ன்னு கூப்பிட்டார். பதில் இல்ல. அந்த எட்டு திரும்பிப் போகவும் இல்ல. "பாத்தியா, தூங்கறா"ன்னார். சரிண்ணான்னு வந்துட்டேன். தூக்கத்துல நடக்கறவங்க இருக்காங்களே.

ரெண்டு தடவை போயாச்சு, கேஸை மூடலாம்னு எழுதினேன். டெனிஸ் கையெழுத்துப் போட்டாங்க.

மார்ச்சுல பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போன் பண்ணினார். எழுபது வயசு, தனியா இருக்கற வெள்ளைக்காரர். சுவருக்கு அந்தப் பக்கம் பொண்ணு அழுகிற சத்தம் கேக்குது, ஏதோ விழற சத்தம் கேக்குது, நாலு நாளா இப்படின்னார். போனை எடுத்தவங்க ஃபைலைப் பாத்தாங்க. ஒரு மாசம் முன்னாடிதான் தமிழ் தெரிஞ்ச ஆள் போய்த் தனியாப் பாத்திருக்கு, சந்தோஷமா இருக்கேன்னு சொல்லியிருக்கு. ஃபைலை மூடிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு அவர் மறுபடி கூப்பிட்டார். மறுபடி ஃபைலைப் பாத்தாங்க. என் மேஜைக்கு ரெண்டு மேஜை தள்ளித்தான் பேசினாங்க, எனக்குக் கேட்டுச்சு. நான் எந்திரிச்சுப் போய்ச் சொல்லியிருக்கலாம்தான். எந்திரிச்சேன் கூட. அன்னிக்குத்தான் எனக்குக் கடைசி ரிப்போர்ட் எழுதற நாள். தண்ணி குடிச்சுட்டு வந்து உக்காந்துட்டேன்.

பாஸ் அங்கிள். "குடும்பங்களின் நம்பிக்கையைப் பெறுவதில் வின்சிக்கு அபூர்வமான திறமை உண்டு"ன்னு எழுதியிருக்காங்க. ஃப்ரேம் போட்டு வைக்கலாம். வேற ஊர்ல வேலையும் சொல்லிட்டாங்க. சோசியல் ஒர்க்கர்னு பதிவு நம்பர் ஒண்ணு வரணும், ஜூலை இருபதுக்குள்ள வந்துரும். அதுக்குப் போடற ஃபாரத்துல நேர்மையைப் பத்தி ஒரு பக்கம் கேக்கறாங்க. இப்ப நான் உங்களுக்கு அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்தேன்னு வைங்க, எனக்கு நம்பர் வராது. ரெண்டு வருஷம் குளிர்ல செத்துப் படிச்சதெல்லாம் அந்த ஒரு டிக்கோட போயிரும். என் நிலைமையும் நீங்க பாக்கணும் இல்லையா?

எழுத மாட்டேன்னு சொல்லல அங்கிள். அப்படிப் பாக்காதீங்க. ஜூலை இருபது வரைக்கும் பொறுங்கன்னுதான் சொல்றேன். இன்னிக்கு ஜூன் பதினாலு. முப்பத்தாறு நாள். நம்பர் கைக்கு வந்ததும் நானே யோசிச்சு, யாருக்கும் சேதம் இல்லாத மாதிரி ஏதாவது எழுதித் தர்றேன். முப்பத்தாறு நாள்ல அங்க என்ன ஆயிரப் போகுது?

இன்னொண்ணு. நீங்க மனசுல எதையோ பெரிசா நினைச்சுப் பயப்படறீங்க. இது குடும்பத்துக்குள்ள பேசித் தீக்க வேண்டிய விஷயம். நீங்க போன்ல சொன்ன மாதிரி மாமனாரும் மாப்பிள்ளையும் எட்டு மாசம் பேசாம இருந்தா நடுவுல அந்தப் பொண்ணுதானே கஷ்டப்படும்? எங்க படிப்புல இதுக்குன்னே ஒரு பாடம் இருக்கு. ரெண்டு பக்கமும் நம்பற ஒரு ஆள் நடுவுல நிக்கணும். அதான் நேத்து நீங்க போனை வச்சதும் நான் செழியன் அண்ணாவக் கூப்பிட்டேன்.

ஆமா, அவர் நம்பர் என்கிட்ட இருக்கு. தமிழ் வருஷப் பிறப்புக்குக் கூட வாழ்த்து அனுப்பினார். பாசமான மனுஷன். "தாரணியோட அப்பா நாளைக்கு என்னைப் பாக்க வர்றார்ண்ணா, ரொம்பக் கலங்கிப் போயிருக்கார், நீங்களே ஒரு வார்த்தை பேசிருங்களேன்"னு சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தற சத்தம் கேட்டுச்சு.

"உன் பேரு மாமாவுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வராது அங்கிள். "தாரணிதான் சொன்னாளாம்ண்ணா"ன்னேன்.

"எப்ப?"

"போன மாசம். போன் பண்ணினாளாம்."

"அவகிட்ட போன் கிடையாதேம்மா. எந்தப் போன்லேருந்து?"

நீங்க என்கிட்ட சொன்னதைத்தான் சொன்னேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தப்ப, அத்தை குளிக்கப் போன நேரம், பின்பக்க வேலிக்கு மேல பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட போன் வாங்கிப் பேசினாளாம், நாப்பது செகண்ட்தானாம், "அப்பா, திருச்சிப் பொண்ணு வின்சின்னு ஒருத்தி வந்தா, அவளைக் கேளுங்க"ன்னு மட்டும் சொன்னாளாம்னு. ஒளிவு மறைவு இல்லாமப் பேசினாத்தானே நம்பிக்கை வரும்?

அவர் கோபப்படவே இல்ல. கத்துவார்னு நினைச்சேன், இல்ல. "சரி தங்கச்சி, நல்ல வேளை சொன்ன. நான் பாத்துக்கறேன்"னார். அவ்வளவுதான். பாத்துக்குவார் அங்கிள், சொன்னா செய்யறவர்.

ஏன் எந்திரிச்சுட்டீங்க? அங்கிள், உக்காருங்க, காபி வந்துருச்சு. யாரைக் கூப்பிடறீங்க, கவுன்சில்லயா? அங்க இப்ப காலைல ஆறு மணி. ஆபீஸ் ஒன்பதுக்குத்தான் திறக்கும். அவசர நம்பர் ஒண்ணு இருக்கு, எந்நேரமும் ஆள் இருப்பாங்க, தர்றேன், முதல்ல உக்காருங்க. கண்ணாடியப் போடாம எப்படி நம்பர் போடுவீங்க? போனை என்கிட்ட எதுக்கு நீட்டறீங்க? நான் பேசி என்ன ஆகும்? தாரணி பேரைச் சொன்னதும் அவங்க முதல்ல கம்ப்யூட்டர்ல ஃபைலைத்தான் திறப்பாங்க. முதல் பக்கத்துலயே நான்தான் இருக்கேன் அங்கிள். தனியாப் பாத்தேன், சந்தோஷமா இருக்கான்னு.